சூரத்துக்குப் போக வேண்டியதில்லை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிச்ச பழக்கம்தான் எனக்கு. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

தீபாவளிக்கு முன்னாடி போன்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். சூரத் சேலை, மொத்த விலை, 25 சேலை 6,500 ரூபாய். கைக்கெட்டுற தூரத்துல சின்னாளப்பட்டிச் சேலை இருக்கு. நான் சூரத்துக்கு ஆசைப்பட்டேன். ஊருல வித்தா நாலு காசு நிக்கும்னு குழுவுல உள்கடன் வாங்கி, போன்லயே பணம் அனுப்பினேன். மறுநாள் வரி கட்டணும்னு 1,800 கேட்டாங்க. அதையும் அனுப்பினேன். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லப் பயம். குழுவுல சொல்ல வெட்கம். ஒன்பது நாள் வாயைத் திறக்கலை. தவணை கட்டுற அன்னைக்கு எங்க ஊக்குநர் அக்கா முகத்தைப் பார்த்தே கேட்டுட்டாங்க. அவங்கதான் 1930-க்குப் போன் போட வச்சாங்க. அங்க கேட்ட முதல் கேள்வி, "பணம் எப்போம்மா போச்சு?" அதுக்குள்ள அந்தக் கணக்குல ஒண்ணுமே இல்லை. புகார் பதிவாச்சு, பணம் வரலை. அந்தக் கடனை மாசாமாசம் கட்டித்தான் தீர்த்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு எங்க குழுவுல இன்னொரு தங்கச்சிக்கு இதே மாதிரி 4,000 போச்சு. அவ அரை மணி நேரத்துல 1930-க்குப் பேசிட்டா. பணம் பேங்க்லயே நிறுத்தப்பட்டு, பிறகு கோர்ட் உத்தரவு மூலமா திரும்ப வந்துச்சு. எனக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒன்பது நாள்தான்.

"ஏமாத்தினவன் வேற மாநிலத்துல இருக்கான், நாம எங்க போறது?"ன்னு நான் நினைச்சேன். எங்கேயும் போக வேண்டாம். 1930 இந்தியா முழுக்க ஒரே நம்பர். 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் பக்கத்து ஸ்டேஷன்ல தகவல் கொடுக்கலாம். மாவட்டத்துல சைபர் கிரைம் போலீஸும் இருக்காங்க.

இது பொய்ப் பேருல ஏமாத்துறவனுக்கு. நிஜமான கம்பெனி மட்டமான பொருளை அனுப்பிட்டு மாத்தித் தரலைன்னா, முதல்ல 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்க. கேக்கலைன்னா திண்டுக்கல்லுல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986 சட்டத்துல நாம குடியிருக்கிற ஊருங்கிறதுக்காக மட்டும் இங்க கேஸ் போட வழியில்லை. 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல அந்த வழி இருக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். 5 லட்சம் வரைக்கும் பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

நம்மைப் போல தொழில் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும். திரும்ப விக்க வாங்கின சரக்குக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது. வீட்டுக்கு வாங்கின மிக்சிக்குப் போகலாம். சொந்தப் பிழைப்புக்கு நாமே ஓட்டுற தையல் மெஷினுக்கும் போகலாம்.

வக்கீல் வேணும்னா 15100-க்குப் பேசுங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு.

எதுக்குப் போனாலும் சாட்சி வேணும். விளம்பரம், பேசின மெசேஜ், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீங்க. கோபத்துல நான் அழிச்சுட்டேன். பார்சலைப் பிரிக்கும்போது பிள்ளைங்களை வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

எங்க குழுவுல இப்போ தீர்மான நோட்டு முதல் பக்கத்துல 1930, 1915, 15100 மூணு நம்பரும் எழுதியிருக்கோம். நீங்களும் எழுதுங்க. ஏமாந்தது நம்ம குத்தம் இல்லை. பக்கத்துல இருக்கிறவகிட்ட அன்னைக்கே சொல்லிடுங்க.