26 நாள் வேதியியல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீ முன்னேறிய கதையைச் சொல்லப்பா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் வேதியியலில் தப்பித்த கதையைச் சொல்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. 2008 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினேன். அதற்கு முந்தின ஆடியில் வேதியியல் சார் மாறுதலாகிப் போனார். அடுத்தவர் வந்தது தை பிறந்த பிறகு. இடைப்பட்ட மாதங்களில் வேதியியல் பீரியட் என்றால் எங்களுக்கு வாலிபால். வாத்தியார் இல்லை என்று குறை சொல்வது சுலபம். புத்தகம் கையில்தான் இருந்தது. ஒரு பயலும் திறக்கவில்லை, நானும்தான்.

நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோடு போய்விட்டது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். வேதியியலில் நாலு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும். கவுன்சலிங்கில் அரை மார்க்குக்கே கல்லூரி மாறிவிடும். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பணம் கட்டிச் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

இதெல்லாம் செய்முறைத் தேர்வில் பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. எழுத்துத் தேர்வுக்கு மிச்சம் 26 நாள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். எம்.எஸ்சி. படிக்க ஆசை. ஆனால் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புத்தகத்தோடு போய் நின்றேன்.

"எத்தனை பாடம்டா முடிச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமேவா?"

"அட்டை போட்டிருக்கேன்."

சிரித்துவிட்டு, "ஏழு மணிக்கு வா" என்றார்.

அசிட்டால்டிஹைடு ஆல்டால் குறுக்கத்துக்குப் போகும், பென்சால்டிஹைடு கான்னிசரோ வினைக்குப் போகும். இரண்டையும் உருப்போட்டு மாற்றி மாற்றி ஒப்பித்தேன். அக்கா புத்தகத்தைப் பிடுங்கி வைத்தார். "ஆல்டிஹைடு தொகுதிக்குப் பக்கத்துக் கார்பன்ல ஹைட்ரஜன் இருக்கா பாரு. அதான் ஆல்பா ஹைட்ரஜன். இருந்தா ஆல்டால், இல்லன்னா கான்னிசரோ. ஃபார்மால்டிஹைடுக்குப் பக்கத்துக் கார்பனே கிடையாது. அது எங்க போகும்?" "கான்னிசரோக்கா." நாலு பக்கம் ஒரு வரியாகிவிட்டது.

லூகாஸ் சோதனைக்கு எங்கள் தெருவே உதவியது. மூவிணைய ஆல்கஹால் பெரியப்பா மாதிரி, உடனே கலங்கும். ஈரிணையம் அம்மா, ஐந்து பத்து நிமிஷம் ஆகும். ஓரிணையம் எங்க அப்பா, அறை வெப்பத்தில் கலங்கவே கலங்காது.

தினமும் புத்தகத்தை மூடச்சொல்லி, "முந்தாநாள் படிச்சத எழுது" என்பார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் சோதனை செய்து எழுதினார்கள். அக்கா அதையெல்லாம் படித்தவரில்லை. ஆனாலும் 26 நாளில் எல்லாவற்றையும் புரியவைக்க முடியுமா? புரிந்தது பாதி, உருப்போட்டது பாதி. 200-க்கு 178. இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டார்.

முதல் செமஸ்டரில் பொறியியல் வேதியியலில் எனக்கு அரியர். (பின்வரிசை நண்பர்கள் சிரிக்கிறார்கள், அவர்களும் என்னோடு எழுதியவர்கள்தான்.) உருப்போட்ட பாதி காணாமல் போயிருந்தது. அரியரையும் கடைசி நேரப் படிப்பில்தான் பாஸ் செய்தேன். கடினநீர்ப் பாடத்தைச் சாய்ஸில் விட்டேன்.

2015-இல் ஓர் ஆலையில் கொதிகலன் பொறுப்பு. சாஃப்ட்னர் ரெசினுக்கு உப்புநீர் விடுவது தள்ளிக்கொண்டே போனது. தண்ணீரைச் சோதிக்காமலே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒருநாள் குழாய் ஒன்று உப்பி வெடித்தது. தண்ணீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கார்பனேட்டாகிக் குழாய்க்குள் படிகிறது. படிவம் வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. இரும்பு அளவுக்கு மேல் சூடேறித் தளர்ந்து கிழிகிறது. நான் சாய்ஸில் விட்ட அதே பக்கம்! அங்கே நின்ற ஹெல்ப்பர் ஐந்து நிமிஷம் முன்னால்தான் டீ குடிக்க நகர்ந்திருந்தார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வாரமே பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன், பரீட்சை எதுவும் இல்லாமல்.

அக்கா மகள் இப்போது பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நான் பாடம் சொல்கிறேன். போன வாரம், "மாமா, ஃபார்மால்டிஹைடையும் பென்சால்டிஹைடையும் சேர்த்துக் கான்னிசரோ செஞ்சா எது அமிலமாகும்?" என்றாள். நான் தடுமாறினேன். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கேட்டது: "ஃபார்மால்டிஹைடுதான்டி! உங்க மாமா மறுபடியும் அட்டை மட்டும்தான் போட்டிருக்கானா?"