கிணற்றடியிற் கற்கும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்னும் பெயருடைய நீரோடை ஒன்று உண்டு. அதுவும் மாரி காலத்தில் மாத்திரம் ஓடிக் கடல் நீரேரியிற் கலந்துவிடும். மலையும் இல்லை, மலையிலிருந்து இறங்கி வரும் அருவியும் இல்லை. ஆயினும் அங்கே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்து வளர்கின்றன. வாழையும் மாவும் பலாவும் நிழல் தருகின்றன. இத்தனைக்கும் காரணம் யாதெனில், கிணறு. வீட்டு வளவில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, கோயிலடியில் ஒன்று என்று எங்கு நோக்கினும் கிணறே காட்சியளிக்கும். காலையில் முகங்கழுவச் செல்பவனும், மாலையில் குடத்தோடு செல்பவளும் அதனைப் பார்க்கிறார்கள். நாள்தோறும் பார்ப்பதனாலேயே, அதனை உற்றுப் பார்ப்பவர் சிலராகி விடுகின்றனர்.

இயேசுநாதர் உபதேசித்த முறையை ஆராய்வோர் ஒன்றை எளிதிற் கண்டுகொள்வர். கேட்பவர்களின் கைக்கெட்டாத பொருள் எதனையும் அவர் உவமையாக எடுத்துக்கொண்டதில்லை. விளக்கு, உப்பு, புளித்த மா, விதை, வலை, காணாமற்போன வெள்ளிக்காசு ஆகிய இவையே அவருடைய பாடநூல்கள். மீன்பிடிப்பவன் வலையைக் கொண்டும், அடுக்களையில் நிற்பவள் மாவைக் கொண்டும் தேவனுடைய இராச்சியத்தைப் பற்றி அறிந்துகொள்ள இயன்றது. அவர் நடந்து திரிந்த நாட்டிலும் கிணறு அரும்பொருளே. ஆதலின் கிணற்றடியும் அவருக்கு ஒரு பள்ளிக்கூடமாயிற்று என்பதில் வியப்பில்லை.

கிணறு போதிக்கும் முதற்பாடம் நன்றியறிதல். கிணறு வெட்டுபவன் நீரை உண்டாக்குவதில்லை. நீர் இருக்குமிடத்தைத் திறந்து விடுகிறான், அவ்வளவே. குடாநாட்டின் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளினூடாகவும் துளைகளினூடாகவும் இறங்கித் தேங்குகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் அந்த மழையே ஆண்டு முழுவதற்கும் உரிய முதல். தன் கிணறு, தன் நீர் என்று ஒருவன் சொல்லும்போது, பாறையைப் பிளந்த உழைப்பு அவனுடையதாக இருக்கலாம். அல்லது அவனுடைய பாட்டனுடையதாக இருக்கலாம். நீரோ வானத்திலிருந்து வந்தது. கிறிஸ்தவர்கள் கிருபை என்று கூறுவது இதனையே. மனிதன் இடங்கொடுக்கலாம், ஊறச் செய்கிறவர் வேறொருவர்.

இரண்டாவது பாடம் அளவறிதல். கடல் சூழ்ந்த நிலத்திலே, மழையால் வந்த நன்னீர், தன்னிலும் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இந்த இயல்பை ஒல்லாந்தராகிய பாடன் கெய்பன் 1888 ஆம் ஆண்டளவிலும், ஜெர்மனியராகிய ஹெர்ஸ்பர்க் 1901 ஆம் ஆண்டிலும் ஆராய்ந்து விளக்கினர். அவர்களுடைய கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கமே அச்சந்தருவது. மேலே 1 அடி நீர் குறைந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும். மேலே குறைவது சிறிதாகத் தோன்றும். கீழே நேரும் கேடு பெரிது.

முன்னாளில் தோட்டக்காரர் துலாவினால் நீர் இறைத்தனர். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மிதிப்பவரின் கால் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. 1950 ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. இயந்திரம் களைப்பறியாது. அதனாற் பல குடும்பங்களின் முதுகு நிமிர்ந்தது. இதனை மறுப்பது நியாயமன்று. எனினும், அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களிற் கிணறுகள் உவர்ப்பேறியதும் உண்மையே. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா அருளப்பட்டபோது, அன்றன்றைக்கு வேண்டியதையே சேர்க்கும்படி கட்டளை பிறந்தது. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. இயேசுநாதர் கற்பித்த செபத்திலும் அன்றாட ஆகாரத்துக்கே வேண்டுதல் உண்டு. களஞ்சியம் நிறையும்படி கேட்கும் வேண்டுதல் இல்லை. தேவையோடு நிற்பவன் கிணற்றையும் காப்பான்; தன் உள்ளத்தையும் காப்பான். அதற்கு மேல் இழுப்பவன், தன்னையறியாமலே கடலைத் தன் வளவுக்குள் அழைக்கிறான்.

மூன்றாவது பாடம் துப்புரவு. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது பழமொழி. நீர் குறைந்த கோடையிலே கிணற்றைக் கலக்கி இறைத்து, ஒருவர் அடியில் இறங்கிச் சேற்றையும் சருகையும் அள்ளி அனுப்புவார். பல நாளாகத் தேடிய வாளியும் செம்பும் அப்பொழுதே வெளிவரும். மேலே நின்று பார்த்தபோது தெளிந்திருந்த நீரின் அடியில் இத்தனை கிடந்தனவா என்று வீட்டார் வியப்பர். மனிதனுடைய உள்ளமும் இத்தகையதே. மேற்பரப்புத் தெளிந்திருப்பதைக் கண்டு திருப்தியடைபவர், அடியிலே படிந்திருக்கும் பழைய பகையையும் பொறாமையையும் அறியார்.

வேதாகமத்தின் ஆதியாகமத்திலே ஈசாக்கின் வரலாறு இதற்குத் துணைநிற்கிறது. அவனுடைய தந்தையாகிய ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணினால் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டினான். அவன் ஆட்கள் புதிதாகத் தோண்டிய கிணறுகளைக் குறித்தும் அவ்விடத்து மேய்ப்பர் வாதாடினர். ஒரு கிணற்றுக்கு வாக்குவாதம் என்று பொருள்படும் ஏசேக்கு என்றும், அடுத்ததற்குப் பகை என்று பொருள்படும் சித்னா என்றும் அவன் பெயரிட்டான். வாதாடுவோருடன் போரிடாமல் அப்பாற் சென்று மூன்றாவது கிணற்றைத் தோண்டினான். அதற்கு எவரும் வழக்கிடவில்லை. இடம் உண்டாயிற்று என்னும் பொருளில் அதற்கு ரெகொபோத் என்று பெயர் வைத்தான்.

இந்த வரலாற்றைக் குடாநாட்டு மக்கள் புத்தகத்திற் படித்ததோடு மாத்திரம் அமையவில்லை. 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர், 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரே பகுதி பகுதியாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். பற்றை மூடிய வளவிலே, இடிந்த சுவர்களுக்கிடையே, தூர்ந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்காமற் குடியிருக்க இயலவில்லை. கல்லையும் குப்பையையும் அள்ளி வெளியே போட்ட பின், அடியிலே பழைய ஊற்று மீண்டும் கசிந்தது. இருபது ஆண்டு மண் மூடியும் ஊற்று இறந்துவிடவில்லை. விசுவாசம் அற்றுப்போயிற்று என்று தன்னைக் குறித்து எண்ணி வருந்துபவருக்கு, இதனினும் தெளிவான ஆறுதல் வேறு எங்கே கிடைக்கும்?

நான்காவது பாடமோ ஆறுதல் அன்று, அது விசாரணை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளைக் குறித்துப் பேசுமிடத்து, அங்கே யார் வாளியைத் தொட்டார், யார் தொடவிடப்படவில்லை என்பதை மறைத்துப் பேசுதல் உண்மையாகாது. தாழ்த்தப்பட்ட சாதியார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், ஊர்க் கிணற்றின் கயிற்றைத் தொடுதல் தகாது என்று தடுக்கப்பட்டனர். வெறுங்குடத்துடன் கிணற்றுக்கு அப்பால் நின்று, எவராவது அள்ளி ஊற்றும் வரையில் அவர்கள் காத்திருந்தனர். சூரியன் உச்சிக்கு ஏறினாலும் காத்திருந்தனர். பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதைச் சாதி காரணமாகத் தடுப்பது குற்றம் என்று, 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் அந்தச் சட்டம் 1971 ஆம் ஆண்டிலே திருத்தி வலுவாக்கப்பட்டது. இந்த வழக்கம் ஏனைய சமயத்தவருடையது மாத்திரமே என்று கிறிஸ்தவர்கள் கைகழுவிவிட முடியாது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற்றவர்கள், ஒரே கிணற்றில் நீர் அள்ள மறுத்த காலம் உண்டு. தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கேற்ப இடம் வகுத்த காலமும் உண்டு.

இந்த இடத்திலே யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம் நினைவிற்கு வரவேண்டும். சமாரியாவிலே சீகார் என்னும் ஊருக்கு அருகே யாக்கோபின் கிணறு இருந்தது. அது ஆழமான கிணறு. நாப்ளுஸ் நகரை அடுத்து இன்றும் அதனை யாத்திரிகர் தரிசிக்கின்றனர்; அதுவும் சுண்ணாம்புப் பாறையினூடாக வெட்டப்பட்டதே. வழிநடையாற் களைத்த இயேசுநாதர் நண்பகல் வேளையில் அதன் அருகே அமர்ந்தார். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் சென்றிருந்தனர். குடத்துடன் வந்த சமாரியப் பெண்ணிடம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் திகைத்தாள். யூதர் சமாரியருடன் சம்பந்தங் கலவாதவர்கள். அவர்கள் புழங்கும் பாத்திரத்தைத் தொடவும் கூசுபவர்கள். அவ்வாறிருக்க, யூதராகிய அவர் அவளுடைய குடத்து நீரைக் கேட்டதெப்படி?

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள், அவர் அவளுக்கு வாக்களித்த ஜீவத் தண்ணீரை நினைவிற் கொள்கின்றனர்; அது தகுந்ததே. ஆயினும், அவர் கேட்ட தண்ணீரை மறந்துவிடலாகாது. அந்தக் கிணற்றடியிலே கையில் வாளியில்லாமல் இருந்தவர் யார்? அவரே. மற்றொருவர் அள்ளித் தருவதற்காகக் காத்திருந்தவர் யார்? அவரே. குடாநாட்டின் கிணற்றடிகளில் வெறுங்குடத்துடன் தள்ளி நின்றவர்கள் எந்த நிலையில் நின்றார்களோ, அந்த நிலையைத்தான் உலக இரட்சகர் அன்று தமக்கென்று தெரிந்துகொண்டார். தாகமாயிருந்தவனுக்குக் கொடுத்தது தமக்கே கொடுத்ததாகும் என்று அவர் பின்னர் உரைத்தது வெறும் உவமையுரையன்று. அவர் தாமே இருந்து பார்த்த இடம் அது.

அதன் பின்னர் நடந்ததும் கருதத்தக்கது. அந்தப் பெண் குடத்தை அங்கேயே விட்டு ஊருக்குள் ஓடினாள். ஊரார் வந்தனர், தம்மிடத்தில் தங்கும்படி அவரை வேண்டிக்கொண்டனர். அவர் இரண்டு நாள் அங்கே தங்கினார். அந்த இரண்டு நாளும் அவர் யாருடைய வீட்டில் உண்டார், யாருடைய கிணற்று நீரைப் பருகினார் என்று சுவிசேஷகர் விரித்துரைக்கவில்லை. விரித்துரைக்க வேண்டியதும் இல்லை. சமாரியருடைய ஊரிலே சமாரியருடைய நீரன்றி வேறு நீர் ஏது? உபதேசம் கிணற்றடியில் முடிந்துவிடவில்லை. வீட்டுக்குள் சென்று பந்தியில் அமர்ந்தது.

அன்றாட வாழ்விலே விசுவாசத்தின் பாடங்களைத் தேடுபவர், இனிய உவமைகளை மாத்திரம் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிடுதல் எளிது. மழையில் கிருபையையும், ஊற்றில் நம்பிக்கையையும் கண்டு மகிழலாம். ஆனாற் கிணறு கேள்வியும் கேட்கிறது. இக்காலத்திலே கயிற்றைத் தொடாதே என்று வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு. அதனாற் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று சொல்லவும் இயலாது. கலியாணப் பேச்சிலும், பந்தியிலும், விருந்தினருக்கு எடுத்து வைக்கும் பேணியிலும் அது வேறு உருவில் ஒளிந்து வாழ்கிறது. கிணற்றடிக்குக் கட்டிய வேலியைப் பிடுங்கிய கை, உள்ளத்துக்குக் கட்டிய வேலியையும் பிடுங்கிற்றா என்பதே கேள்வி.

பங்குக் கிணற்றின் வழக்கம் இதற்கு நல்ல விடை தருகிறது. ஒரே கிணற்றிலே பல குடும்பத்தாருக்கு உரிமையுண்டு. இன்றைக்கு இவருடைய முறை. நாளைக்கு அவருடைய முறை. தம் முறை முடிந்ததும் இறைத்தவர் விலகி, அடுத்தவருக்கு இடங்கொடுக்கிறார். இரவோடிரவாகப் புதிய நீர் ஊறிவிடுகிறது. நேற்று இறைத்தவருக்கும் நட்டமில்லை; இன்று இறைப்பவருக்கும் குறைவில்லை. பிறருக்கு விட்ட கிணறு வற்றுவதில்லை என்பதை நாள்தோறும் கண்ணாற் காண்கின்ற மக்கள், பிறருக்கு விட்ட அன்பும் வற்றுவதில்லை என்று நம்புவதற்குத் தயங்க வேண்டுவதில்லை.

மாலையில் இருள் பரவும் நேரத்திலே கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு, அடியிலே சிறிதளவு வானமும் அதன் நடுவே தம்முடைய முகமும் தோன்றும். அப்பொழுது படலையடியில் யாராவது தண்ணீர் கேட்டு நிற்கக்கூடும். வாளி நீரைத் தொட்டதும் முகம் கலைந்து போகும். ஆனால் வாளி நிறைந்து மேலே வரும். வந்து நிற்பவர் இன்னார் என்று விசாரிக்கு முன்னே அந்த நீரை அவருக்கு வார்ப்பவர், சீகார் ஊர்க் கிணற்றடியில் தாகத்தோடு காத்திருந்தவருக்கே வார்க்கிறார்.