நேர்ந்துவிட்ட வாழ்வு

(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அன்பிலும் தொழிலிலும் விசுவாசத்திலும் பக்தி என்றால் என்ன என்று பேசும்படி விழாக்குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். பக்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? கொடியேற்றம், நவநாள், சப்பரம், ஒலிபெருக்கி. இவையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. (ஒலிபெருக்கியை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தால், நோயாளி கிடக்கும் வீட்டார் நம்மை வாழ்த்துவார்கள்.) ஆனால் ஐம்பது ஆண்டு நிறைந்த ஒரு பங்கு, பக்தி என்ற சொல்லைச் சற்று ஆழமாகத் தோண்டிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.

மேல்நாட்டு மொழிகள் பலவற்றில் பக்திக்கு வழங்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வேர்ப்பொருள் உருக்கமும் அன்று, கண்ணீரும் அன்று. வாக்குக் கொடுத்து ஒன்றை முழுவதுமாக ஒப்படைத்துவிடுதல் என்பதே அதன் பொருள். இதற்கு நேரான சொல் நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. நேர்ந்துவிடுதல் என்கிறோமே, அதுதான். அந்தோனியார் கோவிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை நேர்ந்துவிடுகிறோம். அன்று முதல் அது நம் தொழுவத்தில்தான் நிற்கும், நம் தழையைத்தான் தின்னும். ஆனால் அது நம்முடையது அன்று. வியாபாரி நல்ல விலை சொன்னாலும் விற்கமாட்டோம். மாப்பிள்ளையே விருந்துக்கு வந்தாலும் அதன்மேல் கத்தி வைக்கமாட்டோம். கேட்டால், "அது நேர்ந்துவிட்டது" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவோம்.

ஆட்டை நேர்ந்துவிடுவது எளிது. ஓர் ஆள் தன்னையே நேர்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சாட்சி, தொழுநோயாளரின் தந்தை எனப் போற்றப்படும் புனித தமியான்.

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். படிப்பு அதிகமில்லை, உடல் வலிமை உண்டு. துறவு சபையில் சேர்ந்து 1860-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்தச் சபையில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. வார்த்தைப்பாடு கொடுப்பவர் பீடத்தின்முன் குப்புறக் கிடப்பார். சவத்தின்மேல் போர்த்தும் துணியை அவர்மேல் போர்த்துவார்கள். இவன் செத்தவன், இனி இவனுக்கென்று ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். சடங்குதானே என்று நாம் நினைப்போம். பல ஆண்டுகள் கழித்துத் தொழுநோயாளர் தீவுக்குப் போகத் துணிந்தபோது, அந்தத் துணியைத் தமியான் நினைவு கூர்ந்தார் என்பது அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

அவருடைய அண்ணனும் அதே சபையில் குருவானவர். ஹவாய்த் தீவுகளுக்கு மறைபரப்பச் செல்ல வேண்டியவர் அந்த அண்ணன்தான். அவர் நோயில் விழவே, குருப்பட்டம்கூடப் பெறாத தம்பி, "என்னை அனுப்புங்கள்" என்று தலைமைக் குருவுக்கே எழுதி அனுமதி பெற்றார். 1864 மார்ச் 19-ஆம் நாள், சூசையப்பர் திருநாளன்று, ஹொனலூலுவில் கரையேறினார். இரண்டே மாதத்தில் அங்கேயே குருப்பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டு சாதாரணப் பங்குக் குருவாக உழைத்தார். குதிரைமேலும் கால்நடையாகவும் அலைந்து, தம் கையாலேயே சிற்றாலயங்கள் கட்டினார்.

அந்த நாட்டில் 1865-இல் ஒரு சட்டம் வந்தது. தொழுநோய் கண்டவரைப் பிடித்து, மொலோக்காய் என்னும் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பிவிட வேண்டும். முன்னே கடல், பின்னே செங்குத்தான மலை. தாயிடமிருந்து பிள்ளையையும், மனைவியிடமிருந்து கணவனையும் பிரித்துக் கப்பலேற்றினார்கள். 1873-இல் ஆயர் தம் குருக்களிடம் நிலைமையைச் சொன்னபோது நால்வர் முன்வந்தார்கள். முறைவைத்துச் சில மாதம் ஒருவர் என்று ஏற்பாடு. முதல் முறை தமியானுடையது. மே 10-ஆம் நாள் இறங்கினார். முறை முடிந்து அடுத்தவர் வரவேயில்லை. இவர் அங்கேயே தங்கிவிட்டார். முதல் சில வாரம் அவருக்கு வீடு ஒரு தாழை மரத்தடிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தீவில் இறங்கியதும் அவர் செய்தது என்ன? செபமாலை சொன்னார், பூசை வைத்தார், உண்மைதான். அத்தோடு ரம்பத்தையும் சுத்தியலையும் எடுத்தார். செத்தவரைப் பாயில் சுருட்டிப் போடுகிறார்களே என்று சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். குடிசைகளை மாற்றி வீடு கட்டினார். நல்ல தண்ணீர் வர மக்களோடு சேர்ந்து குழாய் பதித்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். விரல் குறைந்தவர்களைக் கொண்டே வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் அமைத்தார். பக்திக்கும் தொழிலுக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் வேலி அந்த மனிதருக்குத் தெரியாது. பலகையை இழைப்பதும் பலி நிறைவேற்றுவதும் ஒரே நேர்ச்சையின் இரண்டு பகுதிகள். பிரசங்கத்தில் அவர், "என் சகோதரரே" என்று அழைப்பதை விட்டு, "தொழுநோயாளராகிய நாம்" என்று பேசத் தொடங்கினார். அப்போது அவருக்கு நோய் வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தீவைவிட்டு வெளியேறக் கூடாது என்று அவருக்கும் உத்தரவு வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்ய வேறு குரு இல்லை. ஒருநாள் கப்பலில் அவருடைய மேலாளரான குரு வந்தார், அவரை இறங்கவிடவில்லை. தமியான் படகில் சென்று கப்பலருகே நின்றார்; ஏறவும் அனுமதி இல்லை. மேலே தட்டில் அந்தக் குரு, கீழே படகில் இவர். எல்லார் காதிலும் விழ, பிரெஞ்சு மொழியில் உரத்த குரலில் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். நாமோ பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது நின்றால், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுகிறோம்!

அவர் குறையில்லாத மனிதர் என்று நான் சொல்லவில்லை. பிடிவாதமும் முன்கோபமும் உண்டு. அவரோடு சேர்ந்து வேலை செய்வது கடினம் என்று உடன் குருக்களே முறையிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம், எனக்கு ஆறுதல். 1884 டிசம்பரில் கொதிக்கும் நீரில் கால் பட்டும் அவருக்குச் சுடவில்லை. நோய் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். அதன்பின்னும் வேலையை விடவில்லை. 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், 49-ஆம் வயதில் மரித்தார். கடைசிக் காலத்தில்தான் அன்னை மரியான் முதலிய கன்னியர் உதவிக்கு வந்து சேர்ந்தார்கள். 1995-இல் அருளாளர் பட்டமும் 2009-இல் புனிதர் பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன. அவர் தீவில் இறங்கிய அதே 1873-இல்தான் நார்வே நாட்டு ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய் அது. எனினும் குணமானவரைப் பக்கத்தில் உட்கார வைக்க நம்மில் எத்தனை பேர் துணிகிறோம்?

சரி, துறவிக்கு அது முடியும். பிள்ளைகுட்டிக்காரர் நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தூரம் போக வேண்டாம். நம் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை பிள்ளைகுட்டி வாழ்க்கைக்கு வந்தவர்தானே? திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட தெலனாய் என்னும் டச்சுத் தளபதியின் வழியாக விசுவாசத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றார். இவ்வளவும் நமக்குத் தெரியும். அவருடைய மனைவியைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். சொந்தபந்தம் ஒதுக்கி வைத்துவிடுமே என்ற அச்சம். அது நியாயமான அச்சம். கணவர் பேசிப் பேசி விளக்கினார். பிறகு அந்த அம்மையாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். கணவர் சிறையிலும் சித்திரவதையிலும் இருந்த ஏறக்குறைய மூன்று ஆண்டும், அவர் கொல்லப்பட்ட பிறகும், திரும்பிப் போகும் வழி அவருக்குத் திறந்துதான் இருந்திருக்கும். போகவில்லை. சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார். அவருக்குப் பட்டமும் இல்லை, சப்பரமும் இல்லை.

இங்கே ஆண்களுக்கு ஒரு சொல். கணவனிடம் மனைவிக்குப் பக்தி வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். நேர்ந்துகொள்வது அவரவர் மனத்தால் செய்ய வேண்டிய காரியம். அதட்டி வாங்கினால் அது பக்தியன்று, வரிவசூல். அதுவும், குடித்துவிட்டு வந்து கேட்பவனுக்கு அந்த வரியைக் கேட்கவும் உரிமை இல்லை.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே நம் ஆண்டவர் ஒரு நேர்ச்சையைக் கண்டு கோபப்படுகிறார். தாய் தந்தைக்குக் கொடுக்க வேண்டியதை, "இது கொர்பான், கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களைக் கடிந்துகொள்கிறார். கடவுளுக்கென்று சொன்னதையே கடவுள் ஏற்கவில்லை! ஏன்? விசுவாசத்தின் பெயரால் அன்பை ஏமாற்றினார்கள். கோவிலுக்குச் சலவைக்கல் பதித்துப் பெயர் பொறிப்பவர், பெற்ற தாயை வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசிக்கு விட்டுவிட்டால், அந்தக் கல்லுக்கு என்ன பெயர்? எந்த ஊரைப் பற்றியும் நான் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. தலைவர் அவர்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம்.

இந்தப் பொன்விழா மலரில் குருக்களின் படங்கள் வரிசையாக வந்திருக்கின்றன, நன்றி. கோவில்பிள்ளையாகவும் உபதேசியாராகவும் இருந்தவர்களின் படம் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். அதிகாலையில் எழுந்து மணியடித்தவர்கள், மழையிலும் நோயாளி வீட்டுக்கு நடந்தவர்கள், சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வாங்காதவர்கள். படம் இல்லாவிட்டால் போகிறது. அவர்கள் பெயர்களையாவது பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டி எழுதியெடுக்க இளைஞர் மன்றத்தார் முன்வர வேண்டும். ஞானப்பெற்றோர் பெயர் எழுதியிருக்கும் இடங்களில், ஆள் கிடைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் உபதேசியாரின் பெயரே திரும்பத் திரும்ப வந்திருக்கலாம், அங்கிருந்து தொடங்குங்கள்.

பிள்ளைகள் நாடகத்துக்கு வேடம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள்.