நோயாளியின் அருகே ஒரு நூல் நிலையம்

(ஆண்டு விழாவில் நூல் நிலையக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் உண்டு. இடையே ஒரு சொற்பொழிவும் உண்டு. திரை எப்போது விலகும் என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள குழந்தைகள் காத்திருக்கின்றனர். ஆதலின் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லி அமைகின்றோம்.

நம் சங்கத்தின் நூல் நிலையத்தைப் பற்றி அன்பர் சிலர் அண்மையில் ஒரு யோசனை கூறினர். படிக்க வருவோர் குறைந்துவிட்டனர். வருவோரும் வார இதழ்களைப் புரட்டிவிட்டுச் செல்கின்றனர். ஆகவே அவ்வறையை மூடி, விழாச் சாமான்களையும் நாற்காலிகளையும் வைத்துக்கொள்ளலாமே என்பது அவர்தம் கருத்து. அதனைக் குறை கூற நாங்கள் இங்கு வரவில்லை. இம்மும்பை மாநகரில் ஓர் அறையின் விலை என்ன என்பதை அறியாதவர் நம்மில் எவர்? ஆயினும், அவ்வறைக்குப் பூட்டுப் போடுமுன் அது செய்யக்கூடிய பணி ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது உயிர் காக்கும் பணி.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனை வேளையறிந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றை உலகம் நன்கு அறியும். நான்காமவனை நாம் பெரிதும் மறந்துவிட்டோம். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடம். எஞ்சிய பொழுதெல்லாம் அருகில் இருப்பவர் மனைவியோ மகனோ மருமகளோ அண்டை வீட்டாரோ ஆவர். அவர்க்கு அறிவூட்டுவோர் யார்? அவ்விடத்தில்தான் நூல் நிலையத்திற்கு வேலை இருக்கின்றது.

நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றோம். ஊரிலிருந்து மகன் இல்லத்திற்கு வந்து தங்கிய மூதாட்டியார் ஒருவருக்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டது. சீட்டில் 1-0-1 என்று இருந்தது. காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்பது அதன் பொருள். அம்மையார் அதனை நூற்றொன்று என்று படித்து, மருந்தின் எண் போலும் என்று எண்ணினார். தலை சுற்றும் நாள்களில் மட்டும் ஒரு மாத்திரை உண்டு வந்தார். மூன்று வாரம் கழித்து அவர் மயங்கி விழுந்த பிறகே செய்தி வெளிப்பட்டது. நல்வினைப் பயனாய்ப் பிழைத்துக்கொண்டார். இதில் மருத்துவர்மீது குற்றமில்லை, மகன்மீதும் குற்றமில்லை. சீட்டுக்கும் அம்மையாருக்கும் இடையே நின்று தமிழில் இரண்டு சொல் சொல்ல ஒருவர் இல்லை, குறை அவ்வளவே.

அறிவு போய்ச் சேராத இடத்தில் வதந்தி முந்திச் சென்று அமர்ந்துகொள்ளும். இதற்கு இந்நகரத்தின் வரலாறே சான்று. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நோயாளரை அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கு என்ன நடக்கின்றது என்பதை மக்கள் அறிந்த மொழியில், அவர்கள் நம்பத்தக்கவர் எடுத்துச் சொல்லவில்லை. கொண்டு செல்லப்பட்டோரைக் கொன்றுவிடுகின்றனர் என்ற பேச்சு பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியது. 1897 ஜனவரியில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டு காட்டினார். மருந்தைக் கண்டவரே தம்மைச் சான்றாக நிறுத்திக் காட்டினால்தான் நம்பிக்கை பிறக்கும் என்னும் நிலை இருந்தது. இன்று வதந்திக்குக் கால்கள் கூட வேண்டியதில்லை. கைப்பேசி வழியே கணப்பொழுதில் ஆயிரம் இல்லங்களை எட்டிவிடுகின்றது.

இனி, அறிவு போய்ச் சேர்ந்த இடத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். 1971ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து வந்தனர். மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் வாந்திபேதி மக்களை வாரிக்கொண்டு சென்றது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவறிந்து நீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளரின் உறவினர் அதனைக் குவளையில் மொண்டு வாயில் ஊட்டினர். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஊட்டியவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள்! வள்ளுவர் குறித்த அந்த நான்காமவரே. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். 2023இல் நம் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்துப் போற்றியது.

அவ்வறிவு முகாமோடு நின்றுவிடவில்லை. வங்கதேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரல் கொள்ளும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மார்க்குக் கைகொண்டே அளக்கக் கற்பித்தனர். 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களை அவ்வூழியர் எட்டினர். அதனினும் வியப்பானது அவர்க்கு ஊதியம் கொடுத்த முறை. எத்தனை வீடு ஏறி இறங்கினர் என்பதோடு அமையாமல், கற்பித்ததைத் தாய்மார் எவ்வளவு நினைவில் கொண்டுள்ளனர் என்று பின்னர்ச் சோதித்து, அதற்கேற்பக் கூலி தரப்பட்டது. சொல்லிவிட்டேன் என்பது போதாது. கேட்டவர்க்கு விளங்கியதா என்பதே அளவுகோல். நூல் நிலையம் நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

நம் மராட்டிய மண்ணிலேயே மற்றொரு சான்று உண்டு. 1970இல் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்னும் மருத்துவத் தம்பதியர் ஜாம்கேடு என்னும் வறண்ட ஊரில் பணி தொடங்கினர். சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்து எழுத்தறியாத பெண்கள் பலரை அழைத்து, படத்தாலும் பாட்டாலும் உரையாடலாலும் உடல்நல அறிவு புகட்டினர். அப்பெண்கள் தத்தம் ஊரில் பிள்ளைப்பேற்றுக்கும் குழந்தை நலத்துக்கும் துணை நின்றனர். 1979இல் இத்தம்பதியர்க்கு மகசேசே விருது கிடைத்தது. இம்மும்பையிலும் 1997இல் மருத்துவர் மால்பானி தம்பதியர் நோயாளர்க்கென்றே உடல்நல நூலகம் ஒன்றைத் தொடங்கினர். தம் நோயைப் பற்றித் தாமே படித்தறிய எவரும் அங்குக் கட்டணமின்றி நுழையலாம் என்று வழி செய்தனர்.

தமிழராகிய நமக்கும் இத்துறையில் நல்ல மரபு உண்டு. சீர்காழியில் பிறந்த அரங்கநாதனார் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தினுள் ஒன்று, வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதாகும். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரவில்லையே என்று அவர் கதவைச் சாத்தவில்லை. நூலே வாசகரைத் தேடிப் புறப்பட்டது.

அன்பர்களே! நாம் செய்யத்தக்கது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. நம் அறையில் ஓர் அலமாரியை உடல்நலத்துக்கென ஒதுக்குவோம். டேவிட் வெர்னர் மெக்சிகோ நாட்டு மலையூர் மக்களுக்காக எழுதிய நூல் 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்று தமிழில் வந்துள்ளது. அது போன்ற நூல்களை அங்கு வைப்போம். நீரிழிவு, இரத்த அழுத்தம், டெங்கு, காசநோய், பேறுகாலம், முதியோர் பராமரிப்பு என நம் இல்லங்களில் நேர்வனவற்றிற்கு ஒவ்வொரு தாள் தமிழில் எழுதுவோம். எழுதியதை மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே சுவரில் ஒட்டுவோம். எழுதிய நாளைத் தாளிலேயே குறிப்போம். ஆண்டுக்கொரு முறை திருத்துவோம். மருத்துவ நூல் பழைமையால் சிறப்பெய்துவதன்று.

மாத்திரை உண்ணும் முதியோர்க்குக் காலைக்கு ஞாயிறும் இரவுக்குத் திங்களும் வரைந்த அட்டை ஒன்று கொடுப்போம். மருத்துவரிடம் செல்வோர் கேட்க வேண்டிய வினாக்களை ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் மராட்டியிலும் அச்சிட்டு வைப்போம். நெஞ்சில் மறைத்து வருந்துவோரும் நம்மிடையே உள்ளனர். மனத்துயர்க்கு 14416 என்னும் எண்ணில் நடுவண் அரசின் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்குகின்றது, தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணை அறைக் கதவில் எழுதி வைப்போம். பிறர் காணப் புத்தகம் எடுக்கக் கூசுபவரும் கதவைக் கடக்கும்போது அதனைப் படித்துக்கொள்வர்.

இத்தகைய சிறு அறிவு எவ்வளவு பயன்தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கடையில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொடி வாங்குகின்றோம். பெரிய பொதி ஒரு லிட்டர் நீருக்கும், சிறிய பொதி 200 மில்லி லிட்டருக்கும் உரியவை. பெரிய பொதியை ஒரு தம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு மிகுந்து தீங்கு விளையும். பொதிமேல் குறித்த அளவைப் படித்துச் சொல்ல ஒருவர் போதும். மேலும், அப்பெயரைத் தாங்கி இனிப்புப் பானங்களும் விற்பனைக்கு வந்திருந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய சேர்க்கை இல்லாத பானங்கள் அப்பெயரைச் சூடலாகாது என்று ஆணையிட்டது. இச்செய்தி நம் தாய்மார் அனைவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகின்றோம். நூல் நிலையம் மருத்துவமனை ஆகாது. நாங்கள் மருந்து சொல்ல மாட்டோம். மருத்துவர் சொன்னதை விளங்கிக்கொள்ளவும், எப்போது தாமதியாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை அறிந்துகொள்ளவுமே இவ்வலமாரி துணை நிற்கும். டெங்குக் காய்ச்சல் தணிந்த பின் கடும் வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, ஈறுகளில் குருதிக் கசிவோ கண்டால் அது குணமாகும் அறிகுறி அன்று, அபாயத்தின் அறிகுறி என்பதை ஓர் இல்லம் அறிந்திருந்தால் ஓர் உயிர் தப்பும்.

மொழிபெயர்க்க யார் உளர் என்று கேட்கலாம். நம் இல்லங்களில் பேரன் ஆங்கிலமும் மராட்டியும் படிப்பான். தமிழ் எழுத்து அவனுக்குத் தடுமாறும். பாட்டிக்குத் தமிழ் சரளம், ஆங்கிலம் தெரியாது. ஞாயிறுதோறும் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவோம். அவன் படித்துச் சொல்லட்டும். அவர் நல்ல தமிழில் திருப்பிச் சொல்லட்டும். அவன் அதனை எழுதட்டும். குருதி, ஈரல், மூச்சுக்குழல், பசியின்மை என்று அவன் எழுதும்போது தமிழும் வளரும், தாளும் உருவாகும். தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளைகள், தம் பாட்டியின் மாத்திரைக்காகத் தமிழ் எழுத மறுக்க மாட்டார்கள் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை.

ஆதலின், எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. அறையை மூடும் முடிவை ஓர் ஆண்டு தள்ளி வையுங்கள். ஒரு அலமாரியும், தாள் அச்சிட ஒரு சிறு தொகையும், ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் கொடுக்கும் பத்து அன்பர்களும் போதும். அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை நூல் எடுக்கப்பட்டன என்று எங்களைக் கேட்க வேண்டா. எத்தனை இல்லத்தார் தம் மருந்துச் சீட்டைத் தாமே விளக்கிச் சொல்கின்றனர் என்று சோதித்துப் பாருங்கள். அச்சோதனையில் நாங்கள் தேறாவிடில், சாவியை நாங்களே கொண்டுவந்து செயற்குழுவிடம் ஒப்படைப்போம்.

 குழந்தைகளே, இனி உங்கள் நாடகம் தொடங்கலாம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.