பேரப்பிள்ளைக்குச் சின்னம்மை: பயணம் போகலாமா?



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வருகிறது. திருச்சியில் மகளுக்கு வளைகாப்பு என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்து, பெட்டியும் கட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பேரனுக்குக் காய்ச்சல். சட்டையைக் கழற்றினால் முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள். மகனும் மருமகளும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “போகலாமாம்மா, வேண்டாமா?”

முதலில் பெயரைச் சரியாகச் சொல்வோம். நாம் பொதுவாக ‘அம்மை’ என்றுதான் சொல்கிறோம். தட்டம்மை வேறு, சின்னம்மை வேறு, கவனிப்பும் வேறு. மருந்தகத்திலும் விமான நிறுவனத்திடமும் ‘சிக்கன் பாக்ஸ்’ என்றே சொல்லுங்கள். ஜோகூரில் மலாய்த் தாதியிடம் ‘சச்சார் ஆயர்’ என்றால் புரிந்துவிடும்.

வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டார் வெளியூர் போகமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் பழைய வழக்கத்துக்கும் மருத்துவர் சொல்வதற்கும் சண்டையே இல்லை. சின்னம்மை காற்று வழியாகவும் பரவும், கொப்புள நீர் பட்டாலும் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அதற்கு 5 நாள் ஆகும், சில பிள்ளைகளுக்குக் கூடுதலாகவும் ஆகும். அதனால் நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். தலைமுடிக்குள், அக்குளில், தொடை இடுக்கில் எல்லாம் பாருங்கள். ஒரு கொப்புளம் ஈரமாக இருந்தாலும் விமானம் வேண்டாம், பேருந்தும் வேண்டாம். காய்ந்தபின் தழும்பு தெரிந்தால் பரவாயில்லை, அது தொற்றாது.

முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் பவுடர் பூசிக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். விமான ஊழியர் கண்டுபிடித்தால் ஏற்ற மறுக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால்தான் இன்னும் மோசம். திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவராக இருக்கலாம். அவருக்கு இது சாதாரண அம்மை இல்லை, உயிருக்கே ஆபத்து.

போய்ச் சேரும் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். வளைகாப்பு வீட்டில் நடுவில் உட்கார்ந்திருப்பவரே கர்ப்பிணி. சின்னம்மை வராதவர், தடுப்பூசியும் போடாதவர் என்றால், கர்ப்ப காலத்தில் அவருக்கு நிமோனியா வரை போகலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கும் ஆபத்து. நம் மாதிரி வெப்ப நாடுகளில் சிறு வயதில் இது வராமலே வளர்ந்தவர்கள் நிறையப் பேர். “அவளுக்குச் சின்ன வயதில் வந்திருக்கும்” என்று நாமே முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, கூடப்பிறந்த பிள்ளை. அண்ணனுக்குக் காய்ந்துவிட்டது என்று கிளம்புவோம், தங்கைக்கு ஊரில் போய்ப் போடும். தொற்றியபின் கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். சிங்கப்பூரில் 2020 நவம்பர் முதல் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மையும் சேர்ந்திருக்கிறது. 12 மாதத்தில் ஒன்று, 15 மாதத்தில் ஒன்று. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் போடாதவர்கள் உண்டு. தங்கைக்குப் போடவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றிய 3 முதல் 5 நாட்களுக்குள் ஊசி போட்டால் வராமல் தடுக்கலாம், வந்தாலும் லேசாக வரும்.

எல்லாரும் போயாக வேண்டும் என்றில்லையே. சின்ன வயதில் அம்மை வந்தவர்களுக்குப் பொதுவாக மறுபடி அது வருவதில்லை. அப்படிப்பட்ட தாத்தாவோ பாட்டியோ பேரனோடு வீட்டில் இருந்துகொண்டு, மற்றவர்களை அனுப்பலாம்; ஆனால் அவர்களும் அம்மை வந்தவர்களாகவோ ஊசி போட்டவர்களாகவோ இருக்க வேண்டும். நீங்களே ஸ்டீராய்டு மருந்தோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள்.

பயணத்தைத் தள்ளிப்போடுவதானால், முதல் நாளே மருத்துவரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். டிக்கெட் தேதியை மாற்றவும், காப்புறுதிக்கும் அதைக் கேட்பார்கள். காய்ந்தபின் பயணம் செய்யவும் சில விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். விதி ஆளுக்கு ஆள் மாறும், முன்கூட்டியே போன் போட்டு விசாரிப்பது நல்லது.

வீட்டில் இருக்கும்போது நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதாக இருந்தால் வெதுவெதுப்பாக, தேய்க்காமல் ஊற்றுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். உங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கும் ஆஸ்பிரினைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும். காய்ச்சல் 4 நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பலதுறை மருந்தகத்துக்குப் போவதானால் வீட்டிலிருந்தே போன் போட்டு “சிக்கன் பாக்ஸ் பிள்ளையைக் கூட்டி வருகிறோம்” என்று சொல்லுங்கள், தனியாக உட்கார வைப்பார்கள். காத்திருக்கும் வரிசையிலும் கர்ப்பிணிகள் இருப்பார்கள் அல்லவா.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.