சட்டத்தின் கதையும் மக்களின் சாட்சியமும்

(கருத்தரங்க உரையின் சுருக்கம்)



1788இல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, அம்மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்தனர். காலனியச் சட்டமோ அதை ‘எவருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்றது. அந்தப் பொய்யை அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரித்தது 1992இல்தான்.

சட்டம் தனக்கு வசதியான கதையின் மீது எழுப்பப்படுகிறது என்பதைத் தம் எழுத்தால் அம்பலப்படுத்துபவர் லரிஸா பெரண்ட். 1969இல் பிறந்த இவர் கமிலராய், யுவாலயாய் பூர்வகுடிகளின் வழிவந்தவர். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

இவருடைய பாட்டி, சிறுவயதிலேயே அரசால் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டவர். அன்று அதன் பெயர் ‘பாதுகாப்பு’. அந்த வேதனையிலிருந்து பிறந்தது 2004இல் வெளியான ‘ஹோம்’ நாவல். அதில் பறிக்கப்பட்ட சிறுமி கரிபூலிக்கு எலிசபெத் என்று வேறு பெயர் சூட்டப்படுகிறது. நிலத்தைப் பறித்தவர்கள் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

2016இல் வெளியான ‘ஃபைண்டிங் எலைசா’ நூலில், 1836இல் கப்பல் உடைந்து கரைசேர்ந்த எலைசா ஃபிரேசரைப் பற்றிய கதைகளை ஆராய்கிறார். பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகளாகச் சித்தரித்த அக்கதைகள் நில அபகரிப்புக்கு எவ்வாறு நியாயம் கற்பித்தன என்பதை விளக்குகிறார்.

2008இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கோரினார். அதன் பின்னரும் குழந்தைகள் பறிக்கப்படுவது அதிகரித்ததையும், அதை எதிர்த்துப் பாட்டிமார்கள் திரண்டதையும் 2017இல் தமது ஆவணப்படத்தில் பதிவு செய்தார் பெரண்ட். அதிகாரம் கைமாறாத மன்னிப்பு வெறும் சொல்லே.

இந்த அனுபவம் நமக்கு அந்நியமானதல்ல. நமது வனஉரிமைச் சட்டம் 2006, ஆதிவாசிகளுக்கு ‘வரலாற்று அநீதி’ இழைக்கப்பட்டதை முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் 2019 பிப்ரவரியில், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அதே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்வோரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றழைக்கும் கதை இங்கும் உயிரோடிருக்கிறது.

அச்சட்டத்தின் விதிகள், ஊர் மூத்தோரின் வாய்மொழியை எழுத்தில் பதிந்தால் அதையும் சான்றாக ஏற்கின்றன. எனவே கிராம சபைகளில் மூத்தோர் அருகே அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் சொன்னவாறே எழுதிக் கோரிக்கை மனுவுடன் இணைப்பது நமது அவசரக் கடமை. ஆள்வோரின் கதைக்கு மக்களின் சாட்சியமே மறுப்பு.