மலை வீட்டில் குத்துச்சண்டை நேரலை

கரியாலூர் போன்ற மலையூர்களில் குத்துச்சண்டை, மல்யுத்தம் நேரலையாகப் பார்க்க நேர்வழி உண்டா? உண்டு.

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் இயங்குகிறது. கேபிள் வேண்டாம், இணையம் வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. மரமோ பாறையோ மறைக்காத இடத்தில், தென்கிழக்கு வானம் பார்த்து டிஷ் ஆண்டெனாவைப் பொருத்தி, செட்-டாப் பாக்ஸோடு இணைத்தால் போதும். டிடி ஸ்போர்ட்ஸ் வந்துவிடும்.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற முக்கியப் போட்டிகளின் நேரலையைத் தனியார் சானல்கள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். எளியவர் வீட்டுக்கும் விளையாட்டு போய்ச்சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அத்தகைய போட்டிக்கு ஓர் எடுத்துக்காட்டு: டோக்கியோவில், 2021 ஜூலை 26 அன்று, சென்னைப் பெண் பவானி தேவி ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியரானார். முதல் சுற்றை 15–3 என வென்றார். மலைப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி அது.

யுஎஃப்சி எனும் கலப்புச் சண்டைப் போட்டி போன்ற தொழில்முறைப் போட்டிகளுக்கு, உரிமை பெற்ற சானலுக்கோ செயலிக்கோ சந்தா கட்டுங்கள். ‘இலவச நேரலை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். அது பதிப்புரிமைத் திருட்டு. உங்கள் வங்கி விவரமும் களவு போகலாம். நேர்வழியில் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்!